உமியில் ஒட்டும் ஈயம்

தஞ்சை, திருவாரூர், நாகை வட்டாரத்து அரிசி ஆலைகளில் 100 கிலோ நெல்லை அரைத்தால் ஏறக்குறைய 20 கிலோ உமி ஒதுங்குகிறது. அதன் பெரும்பகுதி நெல் புழுக்கும் கொதிகலனிலேயே எரிந்து சாம்பலாகிவிடுகிறது. மாடும் விரும்பித் தின்னாத, மண்ணில் எளிதில் மக்காத இந்த உமி, சற்றுப் பதப்படுத்தினால் நீரில் கரைந்துள்ள ஈயம், காட்மியம், செம்பு போன்ற கன உலோகங்களைப் பிடித்து நிறுத்தும் என்பதைப் பல நாட்டு ஆய்வுக்கூடங்கள் காட்டியுள்ளன.

நீரைக் கொதிக்க வைத்தால் கிருமி சாகும். ஈயம் சாகாது, நீர் சுண்டச் சுண்ட அதன் செறிவு கூடவே செய்யும். குடிநீருக்கான இந்தியத் தரநிர்ணயம் லிட்டருக்கு 0.01 மில்லிகிராம் ஈயத்தையும் 0.003 மில்லிகிராம் காட்மியத்தையுமே பொறுத்துக்கொள்கிறது.

பச்சை உமி இதற்கு அவ்வளவாக உதவாது. நெல்மணியைக் காக்கும் சிலிக்காவும் லிக்னின் என்னும் மரப்பொருளும் உமியின்மேல் கவசமாகப் படிந்து, உள்ளிருக்கும் செல்லுலோஸ் நாரை மூடியிருக்கின்றன. நீர்த்த எரிசோடாக் கரைசலில் ஊறவைத்தால் அக்கவசத்தின் ஒரு பகுதி கரைந்து நார் வெளிப்படுகிறது. பின்னர் எலுமிச்சையிலுள்ள சிட்ரிக் அமிலத்தையோ புளியிலுள்ள டார்டாரிக் அமிலத்தையோ சேர்த்துச் சூடேற்றும்போது, கார்பாக்சில் எனப்படும் அணுத்தொகுதிகள் நாரில் பிணைகின்றன. நீரில் இவை எதிர்மின்னேற்றம் பெறுவதால், நேர்மின்னேற்றமுள்ள ஈய அயனிகள் வந்து ஒட்டிக்கொள்கின்றன. பஞ்சு நீரை உள்ளிழுப்பது உறிஞ்சுதல். இங்கு நடப்பதோ மேற்பரப்பில் ஒட்டும் பரப்புக் கவர்தல். நீரில் அமிலத்தன்மை மிகுந்தால் ஹைட்ரஜன் அயனிகள் அந்த இடங்களை முந்திப் பிடித்துக்கொள்ளும். தோல் பதனிடும் கழிவில் அஞ்சப்படும் ஆறு இணைதிறக் குரோமியமோ எதிர்மின்னேற்றத்துடன் உலவுவதால், அதற்கு அமில நீரே ஏற்றது. ஆகவே எல்லா உலோகத்துக்கும் ஒரே உமி என்று எவரேனும் விற்க வந்தால் ஐயுறுவதே நலம்.

2009-இல் டாடா நிறுவனம் வெளியிட்ட 'ஸ்வச்' வடிகட்டியில் உமிச்சாம்பல் இடம்பெற்றதைச் சிலர் உலோகம் பிடிக்கும் இந்த உமியோடு குழப்பிக்கொள்வதுண்டு. அது நுண்வெள்ளித் துகள் ஏற்றிய சாம்பலால் கிருமியைக் கொல்வதற்கானது.

உமிக்கு ஏற்ற இடம் வீட்டுக் குடமன்று, ஆலைக் கழிவுநீரின் வாய். காவிரியில் தொழிற்கழிவு டெல்டாவுக்கு மேலேயே, கொங்குநாட்டில் கலக்கிறது. திருப்பூர்ச் சாயக்கழிவைச் சுமந்த நொய்யல் கரூர் மாவட்டத்தில் காவிரியோடு சேர்கிறது. அச்சாய ஆலைகளை மூடும்படி சென்னை உயர் நீதிமன்றம் 2011-இல் ஆணையிட்டது நினைவிருக்கலாம். ஆற்றில் பரந்து நீர்த்துப்போன உலோகத்தைக் கடைமடையில் தேடுவதைவிட, செறிந்திருக்கும் இடத்திலேயே பிடிப்பது எளிது. ஆனால் சாயக்கழிவில் மிகுந்திருக்கும் உப்பு உமியின் பிடிப்பைக் குறைக்கும் என்பதால், அங்கும் அது மற்றச் சுத்திகரிப்புக்குத் துணையாகுமே தவிர மாற்றாகாது.

உலோகம் ஏறிய உமியை நீர்த்த அமிலத்தில் கழுவிச் சிலமுறை திரும்பப் பயன்படுத்தலாம். அதன்பின் அது நச்சுக்கழிவு. எருக்குழியிலோ வயலிலோ கொட்டினால், பிடித்த ஈயம் நெல் விளையும் மண்ணுக்கே போய்ச் சேரும்.