அக்கம்பக்கத்துக்கும் ஒரு பங்கு

அமெரிக்காவில் பல்கலைக்கழகங்கள் கல்விக்காகப் பயன்படுத்தும் நிலத்துக்கும் கட்டடத்துக்கும் பொதுவாகச் சொத்து வரி கிடையாது. அந்நாட்டு ஊராட்சிகளும் நகராட்சிகளும் பள்ளிக்கூடம், சாலை, போலீஸ், தீயணைப்பு எல்லாவற்றுக்கும் பெரிதும் நம்பியிருப்பது சொத்து வரியைத்தான். நகரின் நடுவே பரந்து கிடக்கும் வளாகம் வரி கட்டாவிட்டால் அந்தச் சுமை மற்ற வீட்டுக்காரர்கள் தலையில் விழுகிறது. போதாக்குறைக்கு வளாகத்தை ஒட்டிய தெருக்களில் குடும்பங்கள் இருந்த வீடுகள் மாணவர் வாடகை வீடுகளாகின்றன, வண்டி நிறுத்த இடம் கிடைப்பதில்லை, வெள்ளிக்கிழமை இரவுகளில் தூக்கமும் போகிறது. வேலையும் மருத்துவமனையும் கடை வியாபாரமும் பல்கலைக்கழகத்தால் வருகின்றன என்பதும் உண்மை. இந்த லாப நட்டக் கணக்கை ஓரளவாவது நேர்செய்யும் முயற்சியாகப் பிறந்தவைதான் பல்கலைக்கழகத்தைச் சுற்றியுள்ள பகுதிகளுக்கான மேம்பாட்டு மானியங்கள்.

இதற்குச் சின்ன அளவில் நல்ல எடுத்துக்காட்டு மினசோட்டா பல்கலைக்கழகம். மினியாபொலிஸ் வளாகத்தில் சுமார் 50,000 பேர் அமரக்கூடிய அமெரிக்கக் கால்பந்து மைதானம் கட்ட 2006இல் மாநிலச் சட்டமன்றம் ஒப்புதல் தந்தது. 2009இல் மைதானம் திறக்கப்பட்டது. ஆட்டம் நடக்கும் நாளில் அரை லட்சம் பேர் வந்து போவதன் தொல்லையைத் தாங்கப்போவது பக்கத்துக் குடியிருப்புகள். அதனால் மைதானத் திட்டத்தோடு சேர்த்தே 15 லட்சம் டாலரில் ‘நல்ல அண்டை வீட்டார் நிதி’ என்ற பெயரில் ஒரு நிரந்தர நிதியும் ஏற்படுத்தப்பட்டது. கோயில் கட்டளை போலத்தான் இது: மூலதனத்தில் கைவைப்பதில்லை, வருமானத்தை மட்டுமே செலவழிக்கலாம். ஆண்டுக்கு 5 சதவீதம் வருமானம் என்று வைத்துக்கொண்டால் 75,000 டாலர் தேறும். மைதானத்தின் செலவோடு ஒப்பிட்டால் அது சில்லறைக் காசு. ஆனால் ஒரு தெருவுக்கு அது சில்லறை அல்ல.

அந்த வளாகத்தைச் சுற்றியுள்ள பகுதிகள் ஒரே அச்சில் வார்த்தவை அல்ல. சீடர்-ரிவர்சைடில் 1970களில் எழுந்த உயரமான அடுக்குமாடிகளில் சோமாலியாவிலிருந்து வந்த குடும்பங்கள் ஏராளம். சவுத்ஈஸ்ட் கோமோவில் மாணவர்கள் வாடகைக்கு இருக்கும் பழைய தனி வீடுகள் அதிகம். பிராஸ்பெக்ட் பார்க்கில் சூனியக்காரியின் தொப்பி போன்ற கூரையுடன் 1913இல் கட்டிய தண்ணீர்த் தொட்டிக் கோபுரம்தான் ஊர் அடையாளம். ஒரு பகுதிக்குப் பிள்ளைகளின் மாலை வகுப்பு தேவைப்படும், இன்னொன்றுக்குத் தெருவிளக்கு தேவைப்படும். மேலிருந்து ஒரே திட்டம் போட்டால் எங்கும் பொருந்தாது. எனவேதான் யோசனை கீழிருந்து வரட்டும் என்று மானிய முறை வைக்கப்படுகிறது.

யோசனையைக் காகிதத்தில் ஏற்றுவதில்தான் பாதி வேலை. என்ன செய்யப்போகிறோம், யாருக்குப் பயன், எவ்வளவு செலவு, முடிந்தபின் யார் பராமரிப்பார்கள் என்பதை விண்ணப்பத்தில் எழுத வேண்டும். மரக்கன்று நடுவது எளிது. மூன்று கோடைக்குத் தண்ணீர் ஊற்றுவது யார் என்ற கேள்வியில்தான் பல விண்ணப்பங்கள் தடுக்கி விழும். பணம் பெறப் பெரும்பாலும் வரிவிலக்குப் பெற்ற லாபநோக்கற்ற அமைப்பாக இருக்க வேண்டும். அப்படிப் பதிவு செய்யாத குழுக்கள் பதிவு பெற்ற ஓர் அமைப்பின் பெயரில் பணத்தை வாங்கிக் கணக்குக் காட்டுகின்றன. சில நிதிகள் விண்ணப்பிப்போரும் ஒரு பங்கு போட வேண்டும் என்று கேட்கும். ஏழைத் தெருவுக்கு அது எப்படி முடியும்? சியாட்டில் நகரம் 1988இல் தொடங்கிய இணைநிதித் திட்டம் அதற்கு ஒரு வழி காட்டியது: குடியிருப்போர் தரும் உழைப்பு நேரத்துக்கு விலை போட்டு அதையே அவர்கள் பங்காக ஏற்றுக்கொண்டது.

இன்னொரு முட்டுக்கட்டை, முதலில் செலவழித்துவிட்டுப் பிறகு பில் காட்டிப் பணம் வாங்கும் முறை. கையில் காசில்லாத சங்கம் சுவரோவியத்துக்குப் பெயிண்ட் வாங்க யாரிடம் கடன் கேட்கும்? மினியாபொலிசில் இந்தச் சிக்கல் சற்றுக் குறைவு. 1990களின் தொடக்கத்திலிருந்தே நகரம் ஆண்டுக்கு 2 கோடி டாலர் ஒதுக்கிப் பகுதிச் சங்கங்களையே திட்டம் போட வைத்தது. அந்தப் பழக்கத்தில் கணக்கு எழுதவும் கூட்டம் நடத்தவும் தெரிந்த சங்கங்கள் ஏற்கெனவே இருந்தன.

பெரிய தொகை வரும்போது கதை மாறுகிறது. நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகம் மேற்கு ஹார்லெமில் சுமார் 17 ஏக்கரில் புதிய வளாகம் கட்ட முனைந்தது. நிலம் தர மறுத்தவர்களின் வழக்கில் 2010இல் மாநிலத்தின் மிக உயர்ந்த நீதிமன்றத்தின் தீர்ப்பு பல்கலைக்கழகத் திட்டத்துக்குச் சாதகமாக வந்தது. அதற்கு முன்பே, 2009இல், உள்ளூர் அமைப்புடன் 15 கோடி டாலர் ஒப்பந்தம் கையெழுத்தாகியிருந்தது. அதில் 7.6 கோடி பொது நல நிதிக்கு, 2 கோடி கட்டுப்படியாகும் வீடுகளுக்கு, 40 லட்சம் குடியிருப்போரின் சட்ட உதவிக்கு என்று பிரித்திருந்தார்கள். ஆனால் பணத்தைக் கையாளும் அமைப்பு சரியாக உருவாகும் முன்பே பணம் வரத் தொடங்கியதால், முதல் சில ஆண்டுகள் புகாரிலும் மாநில அரசின் விசாரணையிலும் கழிந்தன. நிர்வாகத்தை மாற்றியமைத்த பிறகே மானியங்கள் ஒழுங்காகத் தெருவுக்கு வந்து சேர்ந்தன. தொகையைப் பேசி முடிப்பதில் காட்டிய அக்கறையில் பாதியை யார் கையில் சாவி என்பதில் காட்டியிருந்தால் அந்த ஆண்டுகள் வீணாகியிருக்காது.

மேம்பாடு வெற்றி பெற்றாலும் ஒரு சங்கடம் காத்திருக்கிறது. 1960களில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தைச் சுற்றி நடந்த நகரச் சீரமைப்பில் ‘பிளாக் பாட்டம்’ என்ற கறுப்பினக் குடியிருப்பு அழிந்து ஆயிரக்கணக்கானோர் வெளியேறினார்கள். அந்தக் கசப்பை மனத்தில் வைத்து 1990களில் பல்கலைக்கழகம் வேறு வழியில் இறங்கியது: தெரு விளக்கு, துப்புரவு, அருகில் வீடு வாங்கும் ஊழியர்களுக்குக் கடனுதவி. 2001இல் ஓர் அரசுப் பள்ளியையும் உள்ளூர்க் கல்வித் துறையோடு சேர்ந்து தொடங்கி, ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு 1,000 டாலர் வரை தர ஒப்புக்கொண்டது. பள்ளி நன்றாக நடந்தது. அந்தப் பள்ளிக்குரிய எல்லைக்குள் வீட்டு விலை எகிறியது. 2013 ஜனவரிக் குளிரில், சேர்க்கைக்குச் சில நாள் முன்பே பெற்றோர்கள் நடைபாதையில் நாற்காலி போட்டு வரிசை பிடித்தார்கள். கல்வித் துறை வரிசையை ரத்து செய்துவிட்டுக் குலுக்கலுக்கு மாறியது. சொந்த வீட்டுக்காரருக்கு இது லாபம். வாடகைக்கு இருந்தவர் தெரு சீரானதற்கும் சேர்த்து வாடகை கொடுக்க வேண்டியதாயிற்று.

இப்படிப் பலன் சமமாகச் சேராததும் ஒரு காரணமாக, பல நகரங்களில் இப்போது எழும் கோரிக்கை மானியம் அல்ல, வரிக்கு ஈடாக ஆண்டுதோறும் நகராட்சிக்குப் பணம். 2020இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகம் தன் நகரின் அரசுப் பள்ளிகளில் ஈயம், ஆஸ்பெஸ்டாஸ் நீக்கப் பத்தாண்டுகளில் 10 கோடி டாலர் தருவதாக அறிவித்தபோதும், அதை நன்கொடையாகத் தராமல் ஈட்டுத் தொகையாகக் கட்டச் சொன்னவர்கள் உண்டு. யேல் பல்கலைக்கழகம் 2021இல் நியூஹேவன் நகருடன் செய்த ஆறாண்டு உடன்பாட்டில் தன் வழக்கமான தொகைக்கு மேல் 5.2 கோடி டாலர் கூடுதலாகத் தர ஒப்புக்கொண்டது. அந்தப் பணம் நகராட்சிக் கருவூலத்துக்குப் போகிறது. எந்தத் தெருவுக்கு எவ்வளவு என்பதை வாக்காளர் தேர்ந்தெடுத்தவர்கள் முடிவு செய்கிறார்கள்.