பரவாயில்லைக்கு எத்தனை மார்க்?

மாட்டுத்தாவணிச் சந்தையில் முத்திரை வைக்காத எடைக்கல்லால் காய்கறி நிறுத்தால் தொழிலாளர் துறை ஆய்வாளர் வந்து கேட்பார். மனச்சோர்வில் இருப்பவரின் வாழ்க்கையை நிறுக்கும் கேள்வித்தாளுக்கும் அப்படியொரு முத்திரை வேண்டும். அது கிடைக்கும்வரை அந்தத் தாள் சொல்லும் எண்ணை நம்ப முடியாது.

நோயை அளப்பது வேறு, வாழ்க்கையை அளப்பது வேறு. மாத்திரை சாப்பிட்டுத் தூக்கம் வந்துவிட்டது, பசியும் எடுக்கிறது. நோயின் அளவுகோலில் எண் இறங்கிவிடும். ஆனாலும் மேலூர்க்காரர் ஒருவர் இன்னும் வயல் பக்கம் போகவில்லை, அக்கா மகள் காதுகுத்துக்கும் போகவில்லை என்றால்? இந்த மிச்சத்தைப் பிடிக்கத்தான் வாழ்க்கைத்தரக் கேள்வித்தாள். மனச்சோர்வுக்கென்றே 34 வாக்கியங்கள் கொண்ட ஒன்றை 1992இல் சோன்யா ஹன்ட், ஸ்டீபன் மெக்கென்னா இருவரும் வெளியிட்டார்கள். அந்த வாக்கியங்கள், நோயை அனுபவித்தவர்களிடம் எடுத்த பேட்டிகளிலிருந்து பிறந்தவை. கூட்டிவரும் எண் ஏற ஏற, வாழ்க்கை மோசம் என்று பொருள்.

வாழ்க்கையை அளக்கும் இந்த வேலை மதுரைக்குப் பழக்கமானதுதான், கண் நோய் வழியாக. 1990களில் அரவிந்த் கண் மருத்துவமனையில், இரு கண்ணிலும் புரை விழுந்த 3,400 பேரை வைத்து, கண்ணுக்குள் லென்ஸ் பொருத்துவது மேலா, பழைய தடிக்கண்ணாடி போதுமா என்று ஆராய்ந்தார்கள். சுவரில் தொங்கும் எழுத்துப் பலகையோடு நிற்காமல், பார்வை பற்றி 13 கேள்விகள், வாழ்க்கை பற்றி 12 கேள்விகள் உருவாக்கி நோயாளியையே கேட்டார்கள். தன்னைத் தானே கவனித்துக்கொள்வது, நடமாட்டம், நாலு பேரோடு பழகுவது, மனநிலை எல்லாம் அதில் இருந்தன. லென்ஸ் வைத்தவர்களே கூடுதல் பயன் கண்டிருந்தார்கள்.

மனச்சோர்வில் இது இன்னும் கடினம். உசிலம்பட்டிப் பக்கமிருந்து வருகிற யாரும் "எனக்கு மனச்சோர்வு" என்று சொல்லிக்கொண்டு டாக்டர் முன்னால் உட்காருவதில்லை. "உடம்பெல்லாம் அடிச்சுப் போட்ட மாதிரி இருக்கு" என்பார்கள். "எதுலயும் ஒரு பிடிப்பு இல்ல" என்பார்கள். பத்திரிகைகளோ, ஆபீஸ் டென்ஷனையும் இந்த நோயையும் ஒரே மூட்டையில் கட்டி 'மன அழுத்தம்' என்று எழுதிவிடுகின்றன. அதனால், ஆங்கிலக் கேள்வித்தாளை அப்படியே தமிழில் தர முடியாது; ஒருவர் தமிழாக்கியதை, மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் திரும்ப ஆங்கிலத்துக்குக் கொண்டுபோவார். இரண்டும் ஒத்துவருகிறதா என்று பார்ப்பார்கள். பிறகு நோயாளிகள் சிலரோடு உட்கார்ந்து, "இந்தக் கேள்வியில என்ன கேக்குறோம்னு நினைக்கிறீங்க?" என்று விசாரிக்க வேண்டும். என்னைக் கேட்டால், இதுதான் உயிர்நாடி. அவசரத்தில் முதலில் கைவிடப்படுவதும் இதுதான்.

பதில்களையும் மொழிபெயர்க்க வேண்டுமே! உலக சுகாதார நிறுவனம் 1991இல் தொடங்கிய வாழ்க்கைத்தரத் திட்டத்தில் 15 மையங்கள் இருந்தன. சென்னை அவற்றில் ஒன்று. அங்கே கையாண்ட வழி அழகானது. பத்து சென்டிமீட்டர் கோடு. ஒரு முனை 'இல்லவே இல்லை', மறுமுனை 'மிக மிக அதிகம்' என்ற மாதிரி. சாதாரண ஆட்களிடம் ஒவ்வொரு சொல்லாகக் கொடுத்து, கோட்டில் அது எங்கே விழும் என்று குறிக்கச் சொல்வார்கள். கால், அரை, முக்கால் இடங்களில் விழும் சொற்களே தாளில் ஏறும்.

நம் 'பரவாயில்லை'யை இந்தக் கோட்டில் எங்கே வைப்பது? எடுத்து வந்த புடவையைப் பார்த்து மாமியார் சொன்னால், பிடிக்கவில்லை என்று அர்த்தம். ஒரு மாதம் படுத்துக் கிடந்தவர் சொன்னால், நன்றாகிவிட்டது என்று அர்த்தம். ஆளுக்கு ஆள் கனம் மாறினால் அது எடைக்கல் ஆகாது.

முத்திரைக்கு வேண்டிய மற்றவை கணக்கு வேலை. நிலைமை மாறாதவரை இரண்டு வாரம் கழித்துக் கேட்டாலும் ஏறக்குறைய அதே எண் வர வேண்டும். நோயுள்ளவரையும் இல்லாதவரையும் பிரித்துக் காட்ட வேண்டும். குணமாகும்போது முள்ளும் நகர வேண்டும்.

கணக்கில் எளிதில் அகப்படாத வில்லங்கம் ஒன்று உண்டு. இந்த நோய் தராசின் முள்ளையே சாய்த்துவிடும். மனம் இருண்டிருக்கும்போது வீடு, வருமானம், சொந்தபந்தம் எல்லாமே மோசமாகத் தெரியும். நோயையே இரண்டாம் முறை அளந்தபடி ஆகிவிடும். ஆகவே, 'திருப்தியா?' என்பதோடு, 'போன வாரம் எத்தனை நாள் வெளியே போனீர்கள்?' என்பதையும் கேட்பது நல்லது என்பது என் கட்சி.

அப்படியொரு தாள் உங்கள் கைக்கு வந்தால், பக்கத்தில் நிற்கும் மகனிடம் பேனாவைக் கொடுத்துவிடாதீர்கள். வாசிக்க முடியாவிட்டால் நர்ஸை வாசிக்கச் சொல்லுங்கள்; பதில் உங்களுடையதாக இருக்கட்டும். கேள்வி புரியவில்லை என்றால், புரியவில்லை என்றே சொல்லுங்கள்.