வீடு திரும்பும் நோயாளியும் நிலக்கீழ் அறையின் ஃபேர்னஸும்

இதய சத்திரசிகிச்சை முடிந்தோ, நுரையீரல் நோயினால் சில நாட்கள் கட்டிலில் கிடந்தோ ஒருவர் வீடு திரும்பும் வேளையில் நாம் பல கேள்விகள் கேட்கிறோம். வீட்டில் படிகள் எத்தனை? குளியலறையில் பிடிமானக் கம்பி உண்டா? இரவில் துணைக்கு யார் இருப்பார்? ஒன்ராறியோவின் குளிர்காலத்தில் இவற்றோடு கேட்கவேண்டிய இன்னொரு கேள்வி பெரும்பாலும் கேட்கப்படாமலே போகிறது. வீட்டை வெப்பமூட்டும் எரிவாயு உலையை, அதாவது நாம் பேச்சில் ஃபேர்னஸ் என்று சொல்லும் அந்தப் பெட்டியை, உரிய தொழில்நுட்பவியலாளர் கடைசியாக எப்போது பரிசோதித்தார்?

இக்கேள்வி நோயாளியின் வீட்டில் ஏன் முக்கியமாகிறது என்பதற்கு எளிய காரணம் உண்டு. மற்றவர்கள் வேலைக்கும் பாடசாலைக்கும் போய்விடுகிறார்கள். நோயாளியோ இருபத்துநான்கு மணிநேரமும் அதே காற்றைச் சுவாசித்துக்கொண்டிருக்கிறார். ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் எமது குடும்பங்கள் பலவற்றில் அம்மா அப்பாவின் படுக்கையறை நிலக்கீழ் தளத்தில், ஃபேர்னஸ் அறைக்குச் சுவரொட்டியபடி அமைந்திருக்கிறது. பழுது ஏதும் ஏற்பட்டால் முதலில் பாதிக்கப்படக்கூடியவர் ஏற்கெனவே பலவீனமாக இருப்பவரே.

2008 டிசம்பரில் இம்மாகாணத்தின் வூட்ஸ்ரொக் நகரில் ஹோக்கின்ஸ் குடும்பத்தினர் நால்வர், தாய் தந்தையும் இரு பிள்ளைகளும், காபனோரொட்சைட்டு நச்சினால் உயிரிழந்தனர். எரிவாயுக் கணப்பின் புகை வெளியேறும் வழி அடைபட்டிருந்ததே காரணம். வீட்டில் எச்சரிக்கைக் கருவி இருக்கவில்லை. அக்குடும்பத்தின் பெயரைத் தாங்கிய சட்டம் 2013இல் நிறைவேறியது. இன்று ஒன்ராறியோ வீடுகளில் அக்கருவி கட்டாயமாக இருப்பது அதனால்தான்.

காபனோரொட்சைட்டுக்கு நிறமில்லை, மணமில்லை. குருதியில் ஒட்சிசனைச் சுமக்கும் ஈமோகுளோபினோடு அது ஒட்சிசனைவிட இருநூறு மடங்குக்கும் மேலான பற்றுடன் இணைகிறது. ஆகவே காற்றில் சிறிதளவே இருந்தாலும் மணிக்கணக்கில் சுவாசிக்கும்போது உடலின் ஒட்சிசன் இடத்தை அது பிடித்துக்கொள்கிறது. தலைவலி, தலைசுற்று, குமட்டல், சோர்வு, நெஞ்சு அழுத்தம், மனக்குழப்பம் என்பன அதன் அறிகுறிகள். இங்கேதான் ஆபத்து ஒளிந்திருக்கிறது. சத்திரசிகிச்சை முடிந்து வந்தவருக்குச் சோர்வு இயல்பே என்று நாம் எண்ணுகிறோம். குமட்டலுக்குப் புதிய மாத்திரையைக் குறை சொல்கிறோம். முதியவர் தடுமாறிப் பேசினால் வயதின் மேல் பழி போடுகிறோம். இதய நாடி நோயுள்ளவருக்கு மற்றவர்களைத் தாக்காத குறைந்த அளவே நெஞ்சுவலியைத் தூண்டப் போதுமானது. கர்ப்பிணியின் வயிற்றிலுள்ள சிசுவின் குருதியிலிருந்து இந்நச்சு தாயின் குருதியைவிட மெதுவாகவே நீங்குகிறது.

விரலில் மாட்டும் ஒட்சிசன் அளவியைப் பற்றி இங்கே தெளிவாகச் சொல்லவேண்டும். கொவிட் காலத்துக்குப் பின் அது பல வீடுகளில் மேசை இலாச்சிக்குள் இருக்கிறது; நோயாளிக்கு ஏதேனும் என்றால் முதலில் அதைத்தான் தேடுகிறோம். சாதாரண அளவியால் ஒட்சிசன் ஏற்றிய ஈமோகுளோபினையும் காபனோரொட்சைட்டு ஏறிய ஈமோகுளோபினையும் வேறுபடுத்த முடியாது. இரண்டையும் ஒன்றாகவே எண்ணி 97 அல்லது 98 என்று காட்டும். நல்ல எண்ணைக் கண்டு மனம் ஆறிவிட வேண்டாம். காய்ச்சல் இல்லாமல் தலைவலியும் குமட்டலும் வந்து, வெளியே சென்றால் குறைந்து, வீடு திரும்பினால் மீண்டும் வருகிறதா? ஒரே நாளில் வீட்டில் இருவர் மூவருக்கு அதே உபாதையா? அப்படியானால் நோயாளியை மட்டுமன்றி வீட்டையும் சந்தேகியுங்கள்.

ஃபேர்னஸினுள் எரிவாயு எரிந்து, வெப்பப் பரிமாற்றி எனப்படும் உலோக அறைகளைச் சூடாக்குகிறது. விசிறி வீட்டுக் காற்றை அவ்வறைகளின் வெளிப்புறமாகச் செலுத்தி அறைகளுக்கு அனுப்புகிறது. எரிந்த வாயு வேறு வழியே வெளியேறுகிறது. சுவாலை போதிய காற்றின்றி எரிவதும், உலோகம் வெடிப்பதும், வெளியேறும் வழி அடைபடுவதுமே அஞ்சவேண்டியவை. சுவாலை நீலமாகவும் நிலையாகவும் இருக்கவேண்டும். மஞ்சளாகத் தளம்பினாலோ, உலையைச் சுற்றிப் புகைக்கரி படிந்தாலோ அதை நிறுத்திவிட்டு ஆளை அழையுங்கள்.

வீட்டார் தாமே செய்யக்கூடிய வேலை வடிகட்டியை மாற்றுவது. அதைச் சிறு வேலை என்று நினைப்பவர்கள் அதிகம். வடிகட்டி தூசியால் அடைபட்டால் காற்றோட்டம் குறைகிறது, வெப்பப் பரிமாற்றி அளவுக்கு மீறிச் சூடாகிறது, பாதுகாப்பு ஆளி சுவாலையை நிறுத்துகிறது. சற்று நேரத்தில் மீண்டும் பற்றுகிறது, மீண்டும் நிற்கிறது. இப்படிச் சூடேறி ஆறுவது பல மாதங்கள் தொடர்ந்தால் உலோகம் வெடிக்கலாம். ஒரு அங்குல வடிகட்டியை மாதமொருமுறை வெளியே எடுத்துப் பாருங்கள். மூன்று மாதத்துக்கு மேல் அதை விட்டுவைக்க வேண்டாம். நான்கைந்து அங்குலத் தடிப்புள்ளவை ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை நிற்கும். மாற்றும்போது தேர்மஸ்ரற்றையும் உலையின் பக்கத்திலுள்ள ஆளியையும் நிறுத்திக்கொள்ளுங்கள். வடிகட்டியின் விளிம்பிலுள்ள அம்புக்குறி உலையை நோக்கி இருக்கவேண்டும். மாற்றிய திகதியைப் பேனையால் விளிம்பில் எழுதிவிடுவது நல்ல பழக்கம்.

ஆஸ்துமாவோ நுரையீரல் நோயோ உள்ள வீட்டில் கடையிலேயே மிக நுண்ணிய, மிக விலையான வடிகட்டியை வாங்கி மாட்டும் ஆர்வம் புரிந்துகொள்ளக்கூடியதே. ஆனால் மேர்வ் 13 தரமுள்ள மெல்லிய வடிகட்டி சில பழைய உலைகளின் மூச்சை அடைத்துவிடும். உங்கள் உலை எதைத் தாங்கும் என்று தொழில்நுட்பவியலாளரிடம் கேட்டு வாங்குங்கள்.

நோயாளிக்காக மருத்துவக் கட்டிலை வரவேற்பறையில் போடும்போது அது பெரும்பாலும் எங்கே போய் நிற்கிறது தெரியுமா? காற்று வரும் துவாரத்தின் மேல், அல்லது காற்று திரும்பிச் செல்லும் பெரிய கம்பிவலையின் முன். தளபாடத்தை நகர்த்தும் முன் தரையையும் சுவரின் அடிப்பாகத்தையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். பாவிக்காத அறைகளின் துவாரங்களையெல்லாம் மூடிப் பணத்தை மிச்சப்படுத்தலாம் என்ற எண்ணமும் உலைக்கு அதே கெடுதலைத்தான் செய்கிறது.

புதிய வகை உலைகள் வீட்டின் பக்கச் சுவரால் வெளியே நீளும் இரு பிளாஸ்ரிக் குழாய்கள் வழியே மூச்சுவிடுகின்றன. ஒன்று காற்றை உள்ளெடுக்கும், மற்றது எரிந்த வாயுவை வெளியேற்றும். பனிப்பொழிவின் பின் வாகனப் பாதையை வெட்டித் துப்புரவாக்கும் நாம், அந்தப் பனியையே இக்குழாய்களின் முன் குவித்துவிடுவதுண்டு. கூரையிலிருந்து சரியும் பனியும் அவற்றை மூடும். அடைப்பு ஏற்பட்டால் பெரும்பாலான உலைகள் தாமே நின்றுவிடும்; அப்போது நள்ளிரவில் வீடு குளிர்ந்து, நோயாளி நடுங்கியபடி எழுவார். மீளியக்கும் ஆளியைத் திரும்பத் திரும்ப அழுத்தாமல், வெளியே சென்று குழாய்களைப் பாருங்கள். வெப்பம் இல்லையென்று அடுப்பின் ஓவனைத் திறந்துவைப்பதும், கரி அடுப்பை உள்ளே கொண்டுவருவதும் உயிருக்கே ஆபத்தானவை.

எமது சமையலோடு தொடர்புடைய ஒன்றும் உண்டு. பொரியல், தாளிப்புக்காகப் பலமான வெளியேற்று விசிறிகளைப் பொருத்துகிறோம். உலோகப் புகைபோக்கியோடு இயங்கும் பழைய சுடுநீர்க் கொதிகலன் உள்ள இறுக்கமான வீட்டில், அவ்விசிறி புகைபோக்கியின் வாயுவைத் திரும்ப வீட்டுக்குள் இழுக்கக்கூடும். நீண்டநேரம் விசிறி ஓடும்போது சமையலறை யன்னலைச் சற்றே திறந்துவையுங்கள். ஃபேர்னஸ் அறைக் கதவின் காற்றுத் துளைகளை அரிசி மூட்டையாலோ பயணப் பெட்டியாலோ மறைக்காதீர்கள். பெயின்ற், பெற்றோல் போன்றவற்றை அங்கே வைக்கவே கூடாது. குளோரின் சேர்ந்த வெளுக்கும் திரவங்களின் ஆவி உலையின் உலோகத்தை அரிக்கும் என்பதால் அவற்றுக்கும் வேறு இடம் தேடுங்கள்.

ஆண்டுக்கொருமுறை, குளிர் தொடங்குமுன், ஒன்ராறியோவின் தொழில்நுட்பத் தரங்கள் மற்றும் பாதுகாப்பு அதிகாரசபையில் பதிவுபெற்ற ஒப்பந்ததாரரைக் கொண்டு உலையைப் பரிசோதியுங்கள். வெப்பப் பரிமாற்றி, சுவாலை, புகைவழி, வாயுக் கசிவு, நீர் வடியும் குழாய் ஆகியவற்றைப் பார்த்தாரா என்று கேட்பது உங்கள் உரிமை. ஆபத்தான உலை என்று கண்டால் அவர் சிவப்புச் சீட்டு ஒட்டுவார். உடனடி ஆபத்தெனில் வாயுவை அப்போதே நிறுத்துவார். இல்லையேல் திருத்தக் கால அவகாசம் தருவார். அழைக்காமலே கதவைத் தட்டி, ‘உங்கள் ஃபேர்னஸ் ஆபத்தானது, இங்கே கையொப்பமிடுங்கள்’ என்பவரை உள்ளே விடவேண்டாம். அவ்வாறு வீடு தேடி வந்து ஃபேர்னஸ் ஒப்பந்தம் செய்வது இம்மாகாணத்தில் 2018 மார்ச் முதல் தடைசெய்யப்பட்டுள்ளது. பகலில் தனியே இருக்கும் பெற்றோருக்கு இதை முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

காபனோரொட்சைட்டு எச்சரிக்கைக் கருவி படுக்கையறைகளுக்கு அருகே இருக்கவேண்டும் என்பது 2014 முதல் சட்டம். நிலக்கீழ் தளம் உட்பட ஒவ்வொரு தளத்திலும் ஒன்று இருப்பதே பாதுகாப்பு. வாடகை வீட்டில் அதைப் பொருத்திப் பராமரிப்பது வீட்டுச் சொந்தக்காரரின் பொறுப்பு. நான்கு தடவை ஒலித்து, நின்று, மீண்டும் நான்கு தடவை ஒலித்தால் அது நச்சு வாயுவின் எச்சரிக்கை. இடையிடையே ஒரேயொரு ‘கீச்’ ஒலி என்றால் பற்றரி தீர்ந்தது அல்லது கருவி காலாவதியானது. ஏழு முதல் பத்து வருடங்களில் கருவியையே மாற்றவேண்டும். திகதி பின்புறத்தில் இருக்கும். மேலும் ஒன்று: இக்கருவிகள் பத்து இலட்சத்தில் 70 பங்கு என்ற அளவில் ஒரு மணிநேரமாவது கழிந்த பின்பே ஒலிக்குமாறு அமைக்கப்பட்டவை. இதய நோயாளி உள்ள வீட்டில் குறைந்த அளவுகளையும் எண்ணாகக் காட்டும் கருவியை வாங்குவது பயனுள்ளது.

அழுகிய முட்டை நாற்றம் வந்தால் அது வேறு சங்கதி, எரிவாயு கசிகிறது. விளக்கின் ஆளியைத் தொடாமல், தொலைபேசியையும் உள்ளே பாவிக்காமல், எல்லோரும் வெளியேறிய பின் 911ஐ அழையுங்கள். வீட்டில் ஒட்சிசன் பெறும் நோயாளி இருந்தால், ஒட்சிசன் கருவியும் குழாயும் எந்தச் சுவாலையிலிருந்தும் மூன்று மீற்றருக்குக் குறையாத தூரத்தில் இருக்கவேண்டும். சுவாமி விளக்குக்கும் இது பொருந்தும்.

காபனோரொட்சைட்டுக் கருவி ஒலித்தாலும் அவ்வாறே: எல்லோரும் வெளியே, பிறகு 911. படுக்கையில் இருப்பவரை நகர்த்த முடியாவிடின் அதை அழைப்பின் முதல் வசனத்திலேயே சொல்லுங்கள். அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வந்ததும் ‘தலைவலி’ என்று மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள். வீட்டில் எரிவாயு உலை உண்டு, கருவி ஒலித்தது, மற்றவர்களுக்கும் இதே உபாதை என்று தாதியிடம் கூறுங்கள். குருதியில் காபனோரொட்சைட்டின் அளவை நேரடியாகக் காட்டும் பரிசோதனை உண்டு. சாதாரண காற்றில் அந்நச்சு பாதியாகக் குறைய நான்கைந்து மணிநேரம் செல்லும். முகமூடி வழியே முழு ஒட்சிசன் கொடுத்தால் ஏறக்குறைய ஒரு மணிநேரத்திலிருந்து ஒன்றரை மணிநேரம் போதும். எந்த உபாதையும் இல்லை என்று சொல்லும் மற்ற வீட்டாரையும் கூடவே அழைத்து வாருங்கள்.