கோழிக் குஞ்சுகளில் சேவலையும் பெட்டையையும் அறியும் விதம்

முட்டைக்காகக் கோழி வளர்ப்பதன் லாபம் முட்டையிடும் பெட்டைகளையே பொறுத்தது. சந்தையில் இரண்டு மாதக் குஞ்சுகளை விடைக்கோழிகள் என்று நம்பி வாங்கியவர், அவற்றிற் பாதி சேவல்களாகிக் கூவும்போது, கொடுத்த விலையையும் போட்ட தீனியையும் எண்ணி வருந்துகிறார். கடன் பெற்று வாங்கியிருந்தால் நஷ்டம் இன்னும் அதிகம். ஆகையால் குஞ்சுகளின் நடத்தையைக் கொண்டு ஆண் பெண் பேதத்தை அறிய அங்கத்தினர் ஒவ்வொருவரும் பழகிக்கொள்வது நலம்.

கூர்முட்டை சேவலையும் உருண்டை முட்டை பெட்டையையும் தரும் என்பது ஆதாரமற்ற நம்பிக்கை. கோழி இனத்தில் இதை நிர்ணயிப்பது தாயின் கருவணுவேயன்றி முட்டையின் வடிவமன்று. பொரித்த முதல் நாளிலேயே குஞ்சின் மலத்துவாரத்தைப் பரிசோதித்து அறியும் முறையை ஜப்பானியர் 1920-களில் கண்டனர். அதற்கு நீண்ட பயிற்சி வேண்டும். பழகாத கை பட்டால் குஞ்சுக்குத் தீங்கு நேரும். குடியானவருக்கு ஏற்றது கண்ணாற் கவனிப்பதே.

நடத்தை

நான்கு வாரமானபின், காலையில் பஞ்சாரத்தைத் தூக்கித் தீனி இறைத்ததும் சற்று விலகி நின்று பார்க்க வேண்டும். சேவற்குஞ்சு பெரும்பாலும் நிமிர்ந்து, மார்பை முன்தள்ளி நடக்கும். எதிர்ப்படும் குஞ்சுடன் கழுத்து மயிரைச் சிலிர்த்துக்கொண்டு முட்டி நிற்கும். திடீரென ஓசை கேட்டால் தலையை உயர்த்தி நோக்கும். பெட்டைக்குஞ்சோ உடலைத் தாழ்த்திப் பதுங்கும். சண்டை மூண்டால் விலகிப் போகும்.

எனினும் ஒரு நாளில் கண்ட ஒரு குறியைக் கொண்டு முடிவு செய்யலாகாது. பெட்டைகளும் விளையாட்டாக முட்டிக்கொள்வதுண்டு. வலிய சேவலிடம் தோற்ற சேவற்குஞ்சு பெட்டையைப்போல ஒதுங்கி நிற்கும். ஆகவே சந்தேகமுள்ள குஞ்சின் காலில் வர்ண நூல் கட்டி, இரண்டு வாரம் கவனிக்க வேண்டும். கால் பருக்கப் பருக்க நூலைத் தளர்த்திக் கட்டுவது அவசியம்.

உடற்குறிகள்

ஆறு வாரத்திற்குள் சேவலின் கொண்டை பெரும்பாலும் பெருத்துச் சிவக்கும். பெட்டையின் கொண்டை சிறிதாய் வெளிறியிருக்கும். மூன்று மாதமாகும்போது சேவலின் கழுத்திலும் பின்முதுகிலும் கூரிய, மினுமினுப்பான இறகுகள் தோன்றும். பெட்டையின் இறகுகள் நுனியில் வட்டமாயிருக்கும். இதுவே நிச்சயமான அடையாளம். அசில் ஜாதியிலோ கொண்டை இயல்பாகவே சிறியது. பெட்டைகளும் சண்டைக் குணமுள்ளவை. அவற்றிற்கு இறகு வரும்வரை பொறுத்திருத்தலே உத்தமம்.

பிரித்தபின் செய்யவேண்டியவை

பத்துப் பெட்டைக்கு ஒரு நல்ல சேவல் போதும். மற்றவற்றைத் தனியே அடைத்து, தசை பிடித்ததும் விற்றுவிடலாம். சேவல் சேராத பெட்டையின் முட்டையில் கரு வளராது. வெயிற்காலத்தில் அது எளிதிற் கெடாது. முட்டைகளைச் சேர்த்துப் பட்டணத்திற்கு அனுப்பும் சங்கத்திற்கு இது பெரும் அனுகூலம். பழக்கமில்லாதவர்கள் மூன்று மாதத்திற்கு மேற்பட்ட குஞ்சுகளையே, இறகைப் பார்த்து வாங்குவார்களாக.