வாப்பாவின் கணனியும் புதிய விண்டோஸும்

‘வாப்பா, விண்டோஸ் 11க்கு மாறுவோமா?’ கல்முனையில் தட்டச்சுக் கடை வைத்திருக்கும் நண்பரிடம் மகன் கேட்டானாம்.

நியாயமான கேள்வி. விண்டோஸ் 10க்கான வழமையான பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 ஒக்டோபர் 14 உடன் நின்றுவிட்டன. கணனி ஓடும், புதிதாய்த் தெரியவரும் ஓட்டைகள் அடைபடா. நண்பரின் கவலையோ, பாமினி எழுத்துருவில் சேர்ந்துள்ள விண்ணப்பங்களும் கலியாணக் கடிதங்களும்! பாமினி புதியதிலும் இயங்கும். பழைய அச்சியந்திரமே முரண்டு பிடிக்கலாம். முன்கூட்டி விசாரித்தல் நன்று. அன்றியும், டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்பு வசதியற்ற கணனியைப் புதியது முறைப்படி ஏற்காது. 2017க்கு முந்தியவை பெரும்பாலும் தேறா. தேறினால் மாறுவதே மேல் என்பேன். தேறாவிடில் இலவச லினக்ஸ் இருக்கிறது.

எதற்கும் முன்பு கோப்புகளைப் படியெடுத்து வேறு வீட்டில் வைக்கவேண்டும். 2004 டிசெம்பர் 26 இல் கடல் கொண்டுபோன காணி உறுதிகளை நண்பர் மறக்கவில்லை. படி இப்போது சம்மாந்துறையில், தமக்கை வீட்டு அலுமாரியில் இருக்கிறது.