திரையில் இட்ட பிள்ளையார் சுழி

அமாவாசை நாளில் திருவள்ளூர் வீரராகவப் பெருமாளைச் சேவிக்க, கும்மிடிப்பூண்டி, பொன்னேரி, ஊத்துக்கோட்டைப் பகுதிகளிலிருந்து அடியார்கள் திரண்டு வருவது நெடுங்காலமாக உள்ள வழக்கம். ஹிருத்தாபநாசினித் திருக்குளத்தில் வெல்லம் கரைத்து, பெருமாளைத் தரிசித்த பின்னர், மாலையில் டூரிங் டாக்கீஸில் ஒரு புராணப் படத்தையும் கண்டு களித்து ஊர் திரும்பிய குடும்பங்கள் அந்நாளில் உண்டு. இன்று தொழிற்சாலைகள் நிறைந்து விளங்கும் அந்தச் சாலைகளில் அன்று மாட்டு வண்டிகள் சென்றன.

கொட்டகையில் விளக்கணைந்ததும் முதலில் தோன்றுவது நடிகர்களின் முகம் அன்று. படத்தை எடுத்த நிறுவனத்தின் சின்னம். அதைக் கண்டதும் மணல் தரையில் அமர்ந்திருந்தவர்களின் பேச்சு அடங்கிவிடும். ஏடு தொடங்கும்போது பிள்ளையார் சுழி இடுவதும், நூல் தொடங்கும்போது காப்புச் செய்யுள் பாடுவதும் நம் மரபு. திரைப்படக் கலை மேலைநாட்டிலிருந்து வந்ததாயினும், நம்மவர் கைக்கு வந்ததும் அதற்கும் ஒரு மங்கலத் தொடக்கம் அமைந்தது.

எஸ்.எஸ்.வாசன் 1940ஆம் ஆண்டில் கைக்கொண்ட படப்பிடிப்புக் கூடமே ஜெமினி ஸ்டூடியோ. ஜெமினி என்பது மிதுன ராசியின் பெயர். அதற்கேற்ப இரட்டைச் சிறுவர் இருவர் ஊதுகுழலை உயர்த்தி ஊதும் காட்சியே அந்நிறுவனத்தின் சின்னமாயிற்று. பெருமாள் எழுந்தருளும்போது திருச்சின்னம் ஒலிக்கக் கேட்டுப் பழகிய நம் அன்பர்களுக்கு அந்தக் குழலோசையின் பொருளை எவரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. ‘இதோ வருகிறது’ என்னும் அறிவிப்பு அது. 1948இல் ‘சந்திரலேகா’வும், கே.பி.சுந்தராம்பாள் நடித்த ‘ஒளவையார்’ 1953இலும் அந்தச் சிறுவர்களின் முழக்கத்தோடுதான் வந்தன.

நாகிரெட்டியும் சக்ரபாணியும் நடத்திய விஜயா நிறுவனத்தின் சின்னமோ இன்னும் நேராக இதிகாசத்திலிருந்து வந்தது. அனுமன் உருவம் பொறித்த கொடி காற்றில் அசையும். விஜயன் என்பது அர்ச்சுனனின் திருப்பெயர்களுள் ஒன்று. அவனது தேர்க்கொடியில் அமர்ந்தவர் ஆஞ்சநேயர். நிறுவனத்தின் பெயரையும் கொடியையும் இப்படி ஒன்றாக இணைத்தது எத்தனை பொருத்தம்! 1957இல் வெளிவந்த ‘மாயா பஜார்’ அந்தக் கொடியின்கீழ்தான் பிறந்தது. குழந்தைகளுக்கு ‘அம்புலிமாமா’வைத் தந்த நாகிரெட்டியார், பிற்காலத்தில் திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் தலைவராகவும் தொண்டாற்றினார்.

காரைக்குடியிலிருந்து வந்த ஏ.வி.மெய்யப்பச் செட்டியார் மற்றொரு வழியை மேற்கொண்டார். தம் பெயரின் முதலெழுத்துகளையே சின்னமாக்கினார். 1947இல் ‘நாம் இருவர்’ படத்தை அளித்த ஏவி.எம்., மறு ஆண்டு முருகப் பெருமான் குடிகொண்ட வடபழனிக்கு இடம் பெயர்ந்தது. அந்த மூன்று எழுத்துகளோடு ஒலிக்கும் இசையைக் கேட்ட மாத்திரத்தில், கண்ணை மூடியிருப்பவரும் ‘ஏவி.எம். படம்’ என்று சொல்லிவிடுவார்.

கொள்கையைச் சின்னமாக்கியவர்களும் உண்டு. 1958இல் ‘நாடோடி மன்னன்’ எடுத்த எம்.ஜி.ஆரின் நிறுவனம், ஓர் ஆணும் பெண்ணும் கொடியேந்தி நிற்கும் காட்சியை முன்வைத்தது. சாண்டோ சின்னப்பா தேவரோ தம் நிறுவனங்களுள் ஒன்றுக்குப் பழனியாண்டவரின் பெயரையே சூட்டி, ‘தண்டாயுதபாணி பிலிம்ஸ்’ என்றார். ஒருவர் நம்பியது கொள்கையை. மற்றவர் நம்பியது வேலவனை. இருவருமே தாம் நம்பியதை முதலில் சொல்லிவிட்டுத்தான் கதையைத் தொடங்கினர்.

பின்னர் 1981இல் கே.பாலசந்தரின் கவிதாலயா நிறுவனம் தோன்றியபோது, திருவள்ளுவர் திருவுருவம் திரையில் எழுந்தது. கடவுள் வாழ்த்தின் முதற்குறள் ஒலித்தது. அந்தக் காப்போடுதான் 1985இல், ரஜினிகாந்தின் நூறாவது படமான ‘ஸ்ரீ ராகவேந்திரர்’ வெளிவந்தது. குறள் நூலைத் திறவாத எத்தனையோ பிள்ளைகள் அந்த ஒரு குறளைத் திரையரங்கில் கேட்டே மனப்பாடம் செய்தனர்.

இன்று கணினியின் துணையால் பொன்னெழுத்துகள் சுழல்கின்றன, ஒளி தெறிக்கிறது. தயாரிப்பவர், வழங்குபவர், இசைத்தட்டு வெளியிடுபவர் என ஒன்றன்பின் ஒன்றாகச் சின்னங்கள் வருகின்றன. கைத்திறனில் குறையில்லை. ஆயினும் படம் முடிந்து வெளியே வரும்போது அவற்றுள் எது நம் நினைவில் நிற்கிறது?

ஜெமினி ஸ்டூடியோ இன்று இல்லை. அண்ணா மேம்பாலம் என்று பெயர் சூட்டிய பின்னும், 1973இல் திறக்கப்பட்ட அந்தப் பாலத்தை மக்கள் ஜெமினி மேம்பாலம் என்றே அழைக்கின்றனர். கட்டடம் போனது, பெயர் நின்றது. குழலூதும் சிறுவர்களை அறிந்த தலைமுறையோ குறைந்துகொண்டே வருகிறது.

ஆகவே பழைய படம் ஒன்று வீட்டுத் தொலைக்காட்சியில் தொடங்கும்போது, பேரப் பிள்ளைகளை அருகில் அமர்த்திக்கொள்ளுங்கள். அந்தக் கொடியில் இருப்பவர் யார், அவர் ஏன் அங்கு அமர்ந்தார் என்று கேளுங்கள். தெரியாது என்பார்கள். அப்போது பாரதக் கதையை நீங்கள் சொல்லத் தொடங்கலாம். படம் சற்று நேரம் காத்திருக்கட்டும்.