ஒரு கிளிக், மூன்று டீ

டீ வரட்டும், சொல்கிறேன். "ஃபிலிம் எல்லாம் இன்னுமா சார் கிடைக்குது?" என்று நீங்கள் கேட்டதில் தப்பே இல்லை. கழுத்தில் இந்தக் கேமராவோடு மயிலாப்பூர் மாடவீதியில் நடந்தால் பார்க்கிறவர்களில் பாதிப் பேர் அதைத்தான் கேட்கிறார்கள். மீதிப் பேர், "தாத்தாவோட கேமராவா?" என்கிறார்கள். இது 1982-இல் சந்தைக்கு வந்த நிக்கான் எஃப்எம்2. நான் அதைவிட மூத்தவன்.

கிடைக்கிறது. கோடக் 2012-இல் திவால் மனு போட்ட பிறகும் அமெரிக்காவில் ரோச்செஸ்டர் ஊரில் ஃபிலிம் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. இங்கிலாந்திலிருந்து இல்ஃபோர்ட் வருகிறது. விலையைத்தான் கேட்கக் கூடாது, கேட்டுவிட்டீர்கள். ஒரு கலர் ரோல் ஆயிரம் ரூபாயை ஒட்டி. கழுவி ஸ்கேன் செய்து வாங்க இன்னும் சில நூறு. 36 படத்துக்கு வகுத்துப் பாருங்கள், ஒரு கிளிக் நாற்பது ரூபாய் பக்கம். இந்தக் கடைக் கணக்கில் மூன்று டீ. அதனால்தான் பங்குனியில் அறுபத்துமூவர் வரும்போது சுற்றிலும் இளைஞர்கள் சடசடவென்று சுட்டுத் தள்ள, நான் மட்டும் கேமராவைக் கண்ணில் வைத்து, எடுத்து, மறுபடி வைத்துக்கொண்டு நிற்கிறேன். பக்தி என்று நினைப்பார்கள். சிக்கனம்.

இன்னொரு காரணமும் உண்டு: வெள்ளெழுத்து. இந்தக் கேமராவில் ஃபோகஸ் நம் கையில்தான். வியூஃபைண்டரின் நடுவில் ஒரு சின்ன வட்டம், அதற்குள் படம் இரண்டு துண்டாகத் தெரியும். லென்ஸைத் திருப்பித் திருப்பி இரண்டையும் ஒட்டவைக்க வேண்டும். அந்தப் படம் ஏறத்தாழ ஒரு மீட்டர் தள்ளி இருப்பதாகக் கண்ணுக்குத் தோன்றும்படி செய்திருக்கிறார்கள். என்னிடம் பேப்பர் படிக்க ஒரு கண்ணாடி, தெருமுனையில் பஸ் நம்பர் பார்க்க ஒரு கண்ணாடி. ஒரு மீட்டர் இரண்டிலுமே இல்லை. ஷட்டர் எண்ணைப் படிக்க ஒன்றை மாட்டி, கழற்றி, ஃபோகஸுக்கு மற்றதை மாட்டி நிமிர்வதற்குள் பூக்காரம்மா இரண்டு முழம் விற்றுவிட்டு, "எடுத்தாச்சா சார்?" என்கிறார். நல்ல வெயிலில் எண்ணைப் பார்க்கவே வேண்டாம் என்று ஒரு பழைய கணக்கு இருக்கிறது. ஐஎஸ்ஓ 400 ரோல் என்றால் எஃப் 16, ஷட்டர் 1/500. கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம். சென்னையில் வெயிலுக்கா பஞ்சம்!

சரி, ரோலுக்குள் என்னதான் இருக்கிறது? ஒரு பிளாஸ்டிக் பட்டை. அதன் மேல் ஜெலட்டின் பூச்சு, பூச்சுக்குள் வெள்ளி உப்பின் பொடிப்பொடிப் படிகங்கள். வெளிச்சம் பட்ட படிகத்தில் சில வெள்ளி அணுக்கள் ஒதுங்கிச் சேரும், அவ்வளவுதான். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. டெவலப்பரில் போட்டால் அந்தப் படிகம் முழுக்கக் கருத்த வெள்ளியாகிவிடும். வெளிச்சம் படாத படிகத்தை ஹைப்போ என்ற மருந்து கரைத்து எடுத்துவிடும். ஜான் ஹெர்ஷல் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி வெள்ளி உப்பை ஹைப்போ கரைப்பதைக் கண்டது 1819-இல். புகைப்படமே அப்போது பிறக்கவில்லை. கழுவுகிற மருந்து முன்னால் வந்துவிட்டது, கழுவ வேண்டிய படம் பின்னால் வந்தது.

அந்த ஜெலட்டின் இருக்கிறதே, அது மாட்டு எலும்பிலும் தோலிலும் எடுப்பது. எங்கள் வீட்டு ஃபிரிட்ஜில் முட்டைக்கே அனுமதியில்லை. ஆனால் இட்லி மாவுக்குப் பக்கத்தில், காற்றுப் புகாத டப்பாவில், என் ரோல்கள் வருஷக்கணக்காக இருக்கின்றன. அம்மாவிடம் இந்தச் சங்கதியை நான் சொல்லவில்லை. நீங்களும் சொல்லாதீர்கள்.

கருப்பு வெள்ளை ரோலை நானே கழுவுகிறேன். கோடக்கின் டி-76 என்ற பவுடர்தான் என் டெவலப்பர். 1927-இலிருந்து இருக்கிறது, உள்ளே இருக்கும் சரக்குகளில் ஒன்று நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கிற வெண்காரம். இதற்குத் தனி டார்க் ரூம் தேவையில்லை. இரண்டு கை வைத்த கருப்புத் துணிப்பை ஒன்று உண்டு. அதற்குள் ரோலையும் ஃபிலிம் கழுவும் டேங்க்கையும் போட்டு ஜிப்பை இழுத்துவிட்டு, முழங்கை வரை நுழைத்து, தடவித் தடவி ஃபிலிமை டேங்க்கின் சுருளில் ஏற்ற வேண்டும். மே மாதத்தில் பைக்குள் விரல் வியர்த்து ஃபிலிம் பாதியில் ஒட்டிக்கொள்ளும். வெளியே எடுக்கவும் முடியாது, கையை உருவவும் முடியாது. சரியாக அந்த நேரம் பார்த்து காஸ் சிலிண்டர்காரர் மணி அடிப்பார்.

அடுத்த சிக்கல் தண்ணீர். மருந்து 20 டிகிரியில் இருக்க வேண்டும் என்பது எழுதிவைத்தவர்களின் விதி. அவர்கள் ஊருக்கு அது சரிப்படும். நம் மொட்டைமாடி டேங்க்கிலிருந்து கோடையில் முப்பதைத் தாண்டித்தான் இறங்குகிறது. அந்தச் சூட்டில் மருந்து வெறிபிடித்து வேலை செய்யும். படம் திட்டுத்திட்டாக வரும். ஆகவே அகலப் பாத்திரத்தில் தண்ணீர், அதில் ஐஸ் கட்டி, நடுவில் மருந்துப் பாட்டில், பாட்டிலுக்குள் தெர்மாமீட்டர். "ஏங்க, விருந்தாளிக்கு ஜூஸ் போட ஐஸ் வெச்சிருந்தேனே?" என்ற குரலும் இந்த முறையின் ஓர் அங்கம். இல்ஃபோர்ட் ஹெச்.பி.5 ரோலுக்கு டி-76-இல் ஏழரை நிமிடம். ஒவ்வொரு நிமிடமும் டேங்க்கை நாலு தடவை தலைகீழாகக் கவிழ்த்து நிமிர்த்த வேண்டும். வீட்டில் அந்த நேரத்துக்கே "அப்பாவுக்கு ஏழரை" என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

பிறகு ஹைப்போ, பிறகு கழுவல், பிறகு குளியலறைக் கொடியில் துணி கிளிப் மாட்டித் தொங்கல். ஈரத்தில் தூசி பறக்காது என்பதால் அங்கேதான் காய வேண்டும். அதுவரை யாரும் குளிக்க முடியாது. முதல் தடவை விளக்குக்கு எதிரே பட்டையைப் பிடித்துப் பார்க்கும்போது வானம் கருப்பாக, பூக்காரம்மாவின் கூந்தல் வெள்ளையாகத் தெரியும். இந்த ஒரு பார்வைக்காகத்தான் மேற்படி கூத்து அத்தனையும்.

"செல்போனிலேயே இதைவிடத் தெளிவா வருதே?" வருகிறது. சண்டை போட மாட்டேன். தெளிவு, வேகம், செலவு, இருட்டில் எடுப்பது, எதை எடுத்தாலும் டிஜிட்டல்தான் மேல். ஃபிலிமில் ஆன்மா இருக்கிறது என்று சொல்பவர்களை நம்பாதீர்கள். எங்கள் கூட்டத்தில் அப்படிப் பேசுபவர் அதிகம், பெரும்பாலும் கேமரா விற்பவர்கள். எனக்கு ஆபீஸில் நாள் முழுக்கத் திரையைத் தேய்க்கிற வேலை. எடுப்பதற்கும் பார்ப்பதற்கும் நடுவே கைக்கு இவ்வளவு வேலை இருப்பது எனக்குப் பிடித்திருக்கிறது. எதிர்வீட்டுப் பையன் படத்தைக் காட்டச் சொல்லிக் கேமராவைத் திருப்பினான். பின்புறம் ஒரு சட்டத்தில் ரோல் டப்பாவின் அட்டைத் துண்டு செருகியிருக்கும், உள்ளே என்ன ரோல் என்று ஞாபகத்துக்கு. விரலால் அதைத் தள்ளிப் பார்த்தான். "ஹேங் ஆயிடுச்சு அங்கிள்" என்றான்.

நமக்கும் இதில் ஒரு பங்கு இருந்தது, தெரியுமா? ஊட்டியில் இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் என்ற மத்திய அரசு நிறுவனம் 1960-இல் தொடங்கி 1967-இல் உற்பத்திக்கு வந்தது. 'இந்து' என்ற பெயரில் கருப்பு வெள்ளை ரோலும் எக்ஸ்ரே ஃபிலிமும் அங்கிருந்துதான். தொழிற்சாலை மூடியாயிற்று, இந்து நகர் என்ற ஊர்ப்பெயர் மட்டும் நிற்கிறது.

டீ ஆறுகிறது, குடியுங்கள். உங்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பரணிலும் ஒரு பழைய கேமரா இருக்கும். கையில் எடுத்ததும் பின்கதவைத் திறந்துவிடாதீர்கள். இடப்பக்கம் மேலே ரோல் சுற்றும் குமிழ் இருந்தால் அம்பு காட்டும் திசையில் மெல்லத் திருப்புங்கள். லேசாகத் திரும்பினால் காலி. இழுத்துப் பிடித்தால் உள்ளே ரோல் இருக்கிறது. அப்படியே நிறுத்திவிட்டு, கழுவத் தெரிந்த ஸ்டூடியோவில் கொடுங்கள், பழைய ரோல் என்று சொல்லியே கொடுங்கள். கலர் என்றால் நிறம் மங்கியிருக்கும். கருப்பு வெள்ளையாக இருந்தால் இத்தனை வருஷம் கழித்தும் படம் வர வாய்ப்பு உண்டு.